கூரையில்லா வண்டியும் வாசற்படியும்

பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பித்தல் என்றவுடன் நம்மில் பலருக்குச் சமஸ்தான மன்னர்களும் அவர்தம் அரண்மனைக் கொட்டகைகளும் நினைவுக்கு வருதல் இயல்பே. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஆண்டுக்கொரு முறை இரயிலேறி ஊருக்குச் சென்று திரும்பும் நம்போன்ற குடும்பங்களுக்கு அஃது எட்டாக்கனி என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது, எம் வீட்டுக் கொட்டகையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தார்ப்பாயின் கீழ் உறங்கிக் கிடந்த ஒரு சிறு வண்டி. அதன் உடற்பகுதியை வீட்டிலேயே செப்பனிட்ட வரலாற்றையும், அதில் நான் செய்த ஒரு பெரும் பிழையையும், அப்பிழையால் கற்ற பாடத்தையும் நேயர்கள்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி வந்த கதை

கும்பகோணத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து என் தந்தையார் 1951-இல் வேலை தேடிக் கல்கத்தா வந்தார். தேயிலை வாணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் தட்டெழுத்தாளராகச் சேர்ந்து, பின்னர்க் கணக்கராக உயர்ந்தார். அங்கே அதிகாரியாக இருந்த ஓர் ஆங்கிலேயர் 1963-இல் தாயகம் திரும்பியபோது, தமது மாரிஸ் மைனர் வண்டியை மலிவான விலைக்குத் தந்தையாரிடம் கொடுத்துச் சென்றார். 1954-இல் செய்யப்பட்ட வண்டி அது. துணிக்கூரையைப் பின்புறமாக மடித்துவிட்டுத் திறந்தபடி செல்லத்தக்க 'கன்வர்ட்டிபிள்' வகை. அவ்வாண்டின் இறுதியில் பிறந்த என்னை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்ததும் அவ்வண்டியே.

1999-இல் தந்தையாருக்குக் கண்பார்வை குறைந்தபோது வண்டி கொட்டகையில் நின்றது. 2004-இல் அவர் மறைந்தார். 2021-இல் நான் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், சென்னையிலிருக்கும் என் தம்பி, "அண்ணா, இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள்" என்று எழுதினான். அவன் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்பது வயதான என் தாயார் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "போடுவதானால் போடு. ஆனால் அதற்கு முன்னே ஒரு தரம் என்னை அதிலே கங்கைக் கரைக்கு அழைத்துக்கொண்டு போ. உங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அழைத்துப் போவார்" என்றார். அதன்பின் எடைக்குப் போடும் பேச்சு எம் வீட்டில் எழவில்லை.

சிறிய வண்டி, பெரிய பெயர்

மாரிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர். பிற்காலத்தில் புகழ்பெற்ற மினி வண்டியைப் படைத்தவரும் அவரே. 1948-இல் இலண்டன் மாநகரின் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலாக வைக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. செய்து முடித்த மாதிரி வண்டி குறுகலாகத் தோன்றுகிறது என்று கருதிய இசிகோனிஸ், அதனை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் நான்கு அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்து, 'இதுவே சரி' என்று முடிவு செய்தார். இஞ்சின் மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே. முன்னரே செய்து குவித்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி இடையே துண்டு வைத்து இணைத்தனர். ஆகவே இவ்வண்டியை வெட்டி ஒட்டும் வேலை அது பிறக்கும் முன்பே தொடங்கிவிட்டது எனலாம்!

இங்கிலாந்தில் பத்து இலட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் வண்டி இதுவே. திறந்த கூரை வகையின் உற்பத்தி 1969 வரை நடைபெற்றது. மாரிஸ் வண்டிகளோடு வங்காளத்துக்குள்ள உறவும் சிறிதன்று. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசிடரும் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் வழி வந்ததே. இதனால் மாரிஸ் வண்டியின் போக்கறிந்த கைகள் இந்நகரில் இன்னும் இருக்கின்றன.

கூரை இல்லாவிடின் தாங்குவது எது?

இனி வேலைக்கு வருவோம். மாரிஸ் மைனரில் பழைய வண்டிகளைப் போலத் தனி அடிச்சட்டம் முழு நீளத்துக்கும் கிடையாது. தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாகப் பற்றவைத்த உடலே சுமையைத் தாங்குகிறது. மூடிய வண்டியில் கூரையும் அதனைத் தாங்கும் தூண்களும் சேர்ந்து உடலை ஒரு கூடுபோல் இறுக்கி நிறுத்துகின்றன. கூரையை நீக்கிவிட்டால் அந்த வலிமை போய்விடுகிறது. அதற்கு ஈடாகக் கதவுகளுக்குக் கீழே, முன் சக்கரத்தின் பக்கமிருந்து பின் சக்கரத்தின் பக்கம் வரை ஓடும் பெட்டி வடிவான பகுதிக்குள் கூடுதல் தகடுகளை வைத்துத் தொழிற்சாலையிலேயே வலுவூட்டியிருக்கின்றனர். இப்பகுதியை ஆங்கிலத்தில் 'சில்' என்பர். அச்சொல்லுக்கு வாசற்படி என்பதே பொருள். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

வீட்டிற்கு வாசற்படி எத்தகையதோ, கூரையில்லா வண்டிக்கும் இந்த வாசற்படி அத்தகையது. வண்டியின் நடுப்பகுதி தொய்ந்து தரையை நோக்கிச் சரியாமல் காப்பது பெரும்பாலும் அதுவே. ஆனால் சாலையின் சேறும் மழைநீரும் முதலில் சென்று தங்கும் இடமும் அதுதான். கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் தூசியால் அடைபட்டால் நீர் உள்ளேயே நின்று தகட்டை அரிக்கும். முன் மட்கார்டின் பின்புறத்தில் சேரும் ஈரச் சேறு கதவுக் கீல் பொருந்தியுள்ள தூணை அரிக்கும். பின் சக்கரங்களின் வில்பட்டைகள் மாட்டியிருக்கும் இடமும், காலடித் தரையும் துருவுக்கு அடுத்த இரையாகும். ஆண்டில் நான்கு மாதம் நனைந்து கிடக்கும் கொல்கத்தாவில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

காந்தமும் குத்தூசியும்

வெளித்தோற்றத்தில் எம் வண்டி அத்துணை மோசமாக இல்லை. 1980களில் ஒரு பட்டறையில் வண்ணம் பூசியிருந்தார் தந்தையார். ஆகையால் அங்கங்கே சிறிது தேய்த்துப் பூசினால் போதும் என்று நம்பினேன். மல்லிக் பஜாரில் பழைய உதிரிப்பாகம் விற்கும் கடைக்காரர் ஒருவர், "முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள்" என்றார்.

வீட்டில் எவரும் செய்யத்தக்க சோதனை இது. சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, வண்டியின் மேல் மெதுவாக நகர்த்த வேண்டும். இரும்புத் தகடு இருக்குமிடத்தில் காந்தம் பற்றும். தகடு போய்ப் பட்டி மட்டும் நிற்குமிடத்தில் பற்றாது. கல்லூரி மாணவியான என் மகள் காந்தத்தை நகர்த்தினாள். நான் சுண்ணக்கட்டியால் குறியிட்டேன். அரை மணி நேரத்தில் இடப்புற வாசற்படி முழுதும் வெள்ளைக் கோடுகள் நிறைந்தன. குத்தூசியால் தட்டியபோது பட்டி உதிர்ந்து, அதன் உள்ளே தாரும் சுருட்டிவைத்த செய்தித்தாளும் வெளிவந்தன! வெளியே பளபளத்த பகுதியின் உள்ளே இரும்பே இல்லை. அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை என்னும் பழமொழி என் நினைவுக்கு வந்தது. அவ்வாறு மறைத்த வண்டியில்தான் பல ஆண்டுகள் குடும்பத்தோடு சென்று வந்தோம் என எண்ணியபோது நெஞ்சம் நடுங்கியது.

நான் செய்த பிழை

ஆத்திரம் அறிவுக்குப் பகை. மறு ஞாயிறே கிரைண்டர் ஒன்றை வாடகைக்கு வாங்கி, அழுகிய இடப்புற வாசற்படியை முன்னிருந்து பின்வரை ஒரே மூச்சில் அறுத்தெடுத்தேன். அன்று மாலை பெருமிதத்தோடு உறங்கினேன். காலையில் என் மகள் கொட்டகைக்குச் சென்று, "அப்பா, கதவு சாத்த மாட்டேன் என்கிறது" என்று அழைத்தாள். பார்த்தேன். கதவின் மேல் விளிம்புக்கும் பின் தூணுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவு இருந்த இடைவெளி முற்றிலும் மூடிக் கதவு தூணில் இடித்து நின்றது. வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது! அந்நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்திருந்தால் அக்கோணல் என்றென்றைக்கும் நிலைத்திருக்கும். தந்தையாரின் வண்டியை என் கையாலேயே கெடுத்துவிட்டேனோ என்று அன்று உணவு கொள்ளவில்லை.

மல்லிக் பஜார் கடைக்காரர் வழியாக, ஹவுராவில் நாற்பதாண்டுகள் தகட்டு வேலை செய்து ஓய்ந்திருந்த ஒரு முதிய வங்காளி மிஸ்திரி வந்து சேர்ந்தார். (தமிழ்நாட்டில் டிங்கரிங் என்று நாம் வழங்கும் வேலையை வடநாட்டார் டெண்டிங் என்பர், தொழில் ஒன்றே.) அவர் வண்டியைச் சுற்றி வந்து, "தாதா, வீட்டின் தூணை அறுக்குமுன் முட்டுக் கொடுக்க மாட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

மிஸ்திரி காட்டிய முறை

அவர் முதலில் வண்டியைச் சமதளத்தில் வலுவான இடங்களில் தாங்கி நிறுத்தினார். தொய்ந்த நடுப்பகுதியின் கீழே கட்டை வைத்து ஜாக்கியால் சிறிது சிறிதாக உயர்த்தினார். ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்திப் பார்த்தார். அரை நாள் சென்றபின் கதவின் நான்கு பக்க இடைவெளியும் வலப்புறக் கதவினதோடு ஒத்தது. பின்னர் மூலைக்கு மூலை கயிறு பிடித்து இரு குறுக்களவுகளும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்தார். அதற்குப் பிறகே, கதவு நிற்கும் வாயிலின் குறுக்கே முன் தூணிலிருந்து பின் தூணுக்கும், இடத்தூணிலிருந்து வலத்தூணுக்கும் ஆங்கிள் இரும்பைத் தற்காலிகமாகப் பற்றவைத்து முட்டுக் கொடுத்தார். இவ்வேலை முடிந்தபின் வண்டி அசையவில்லை.

அவரிடம் கற்ற விதிகளை வரிசைப்படுத்திக் கூறுகிறேன். கூரையில்லா வண்டியைத் தொடும் எவரும் இவற்றைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, முட்டுக் கொடாமல் எதனையும் அறுக்கலாகாது. இரண்டாவது, ஒரு பக்கம் முழுதும் முடியும்வரை மறுபக்கத்தைத் தொடலாகாது. கெடாத பக்கமே அளவுகோல். மூன்றாவது, அறுத்த பழைய துண்டு எத்துணை அழுகியதாயினும் அதனை எறியலாகாது. புதுத் துண்டுக்கு அதுவே அச்சு. நான்காவது, துருவின் மேல் தகட்டை ஒட்டலாகாது; நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து தொடங்க வேண்டும்.

வெளித்தகடுகளுக்கு 20 கேஜ் தகடும், சுமை தாங்கும் உள்தகடுகளுக்கு அதனினும் தடித்த 18, 16 கேஜ் தகடுகளும் வாங்கினோம். 20 கேஜ் என்பது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் தடிப்பு; 16 கேஜ் 1.6 மில்லிமீட்டர். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றவைத்தால் எழும் புகை காய்ச்சலை உண்டாக்கும். ஆதலால் அதனைத் தவிர்த்தோம். பற்றவைக்குமுன் பெட்ரோல் தொட்டி, பாட்டரி, இருக்கைகள் அனைத்தையும் அகற்றிவிட வேண்டும். அருகில் தீயணைப்புக் கருவியும் மணல் வாளியும் இருத்தல் இன்றியமையாதது.

தகட்டை ஒரு கோடாகத் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டில் நெளிந்துவிடும். ஆகவே மிஸ்திரி இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று மாறி மாறி வைத்து, கை பொறுக்கும் அளவுக்குச் சூடு தணிந்த பின்னரே அடுத்த புள்ளிக்குச் சென்றார். ஒரு வாசற்படிக்கு நான்கு ஞாயிறுகள் ஆயின. பதறாத காரியம் சிதறாது என்பதனை அவர் தமிழ் அறியாமலே எமக்கு உணர்த்தினார்.

இவ்வண்டியில் ஒரு நன்மையும் உண்டு. நான்கு மட்கார்டுகளும் திருகாணியால் பொருத்தப்பட்டவை. ஆதலால் அவற்றைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே வைத்து வேலை செய்யலாம். நசுங்கிய இடங்களை என் மகள் செப்பனிட்டாள். தகட்டின் பின்னே 'டாலி' என்னும் இரும்புக் கட்டியைப் பிடித்து, முன்னே சிறு சுத்தியலால் மெல்லத் தட்டுவது இம்முறை. ஓங்கி அடித்தால் தகடு நீண்டு புடைத்துவிடும். கண்ணைவிட உள்ளங்கையே மேடுபள்ளத்தை நன்கு அறியும் என்று மிஸ்திரி அவள் கண்ணைக் கட்டித் தடவச் செய்தார். தொடக்கத்தில் நகைத்தவள், ஒரு மாதத்தில் எம் அனைவரினும் தேர்ந்துவிட்டாள்.

வண்ணத்துக்கும் பருவம் உண்டு

இரும்பு வேலை முடிந்தபின் பட்டி தேவையில்லை என்று கூறமாட்டேன். ஆனால் அஃது ஊறுகாய் போன்றது, சோறாகாது. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி வேண்டியிருந்தால் தகட்டு வேலை முடியவில்லை என்றே பொருள். பட்டியும் சாதாரணப் பிரைமரும் ஈரத்தை உறிஞ்சுவன. அவ்வாறே மழையில் விட்டுவைத்தால் அடியில் துரு மீண்டும் தோன்றும். பழைய வண்ணத்தில் ஈயம் கலந்திருத்தல் கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நீரூற்றி உப்புத்தாளால் தேய்த்து, அக்கழிவைச் சிறுவர் அணுகாதபடி அகற்றினோம்.

வண்ணத்தில் இருவகை உண்டு. இக்காலத்தில் இரு பொருள்களைக் கலந்து பூசும் வண்ணம் உறுதியானது. ஆனால் அதன் கெட்டிப்படுத்தும் திரவத்திலுள்ள நச்சு மூச்சுக்குழலைத் தாக்கும். வெளியிலிருந்து காற்றைக் குழாய் வழி தரும் முகமூடி இன்றி அதனைத் தெளிக்கலாகாது. வீட்டுக் கொட்டகைக்கு அது தகாது. ஆதலால் பழைய முறைப்படி, என்.சி. எனப்படும் செல்லுலோஸ் வண்ணத்தையே தேர்ந்தோம். அதன் ஆவியும் தீப்பற்றக் கூடியதே; கதவுகளைத் திறந்துவைத்து, தகுந்த முகமூடி அணிந்து, அடுப்போ விளக்கோ அருகில் இல்லாமல் பூச வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் இவ்வண்ணம் பால்போல் வெளுத்துவிடும். மழைக்காலத்தில் அவசரப்பட்டு ஒரு மட்கார்டில் பூசிப் பார்த்து அவ்வெண்மையைக் கண்ணாரக் கண்டோம். பின்னர்த் துர்க்கா பூசையும் தீபாவளியும் கழிந்து பனிக்காலம் வரும்வரை காத்திருந்தோம்.

வாசற்படிகளின் உட்புறத்தில், வெளியே தெரியாத இடங்களில், துருத் தடுப்பு மெழுகை நீண்ட குழாய் வழியாகத் தெளித்தோம். கதவடித் துளைகள் அனைத்தையும் திறந்துவிட்டோம். எவர் கண்ணுக்கும் புலனாகாத இவ்வேலையே வண்டியின் ஆயுளை நீட்டுவது. துணிக்கூரை இறுதியில் வந்தது. உடல் நேராக நின்றால்தான் கூரையும் நேராகப் பொருந்தும்.

சட்டம் கூறுவது

இங்கிலாந்தார் வழக்கில் 1930-க்குப் பிற்பட்ட வண்டியை 'விண்டேஜ்' என்று சொல்வதில்லை. நம் நாட்டிலோ 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டு, மூல வடிவில் காக்கப்பட்டு வரும் சொந்த வண்டிகள் அப்பெயர் பெறும். அடிச்சட்டம், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றின் வடிவை மாற்றியமைத்தவற்றுக்கு அத்தகுதி இல்லை. ஆகவே மூடிய வண்டியின் கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கும் ஆசையை இளைஞர்கள் விட்டுவிடுவது நலம். வலிமையும் போகும், தகுதியும் போகும். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் இவ்வண்டிகளைப் பயன்படுத்தலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்த்தல், பெட்ரோல் நிரப்புதல் போன்றவற்றுக்கு இடமுண்டு. 1964-இல் தில்லியில் ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் தொடங்கிய அணிவகுப்பு இன்றும் இத்தகைய வண்டிகளுக்குப் பெரிய விழாவாகும்.

கங்கைக் கரையில்

வங்காளத்தில் செப்டம்பர் நடுவில் விசுவகர்ம பூசை நடைபெறும். நாம் ஆயுத பூசையன்று செய்வதுபோல் அன்று பட்டறைகளில் கருவிகளை வணங்குவர். வானெங்கும் பட்டங்கள் பறக்கும். 2023-ஆம் ஆண்டு அந்நாளில் மிஸ்திரி தம் சுத்தியலையும் டாலியையும் எம் கொட்டகைக்கே கொண்டுவந்து பூசையில் வைத்தார். சில வாரங்கள் கழித்து நம் ஆயுத பூசையன்று என் தாயார் அதே கருவிகளுக்குச் சந்தனம் இட்டார். அப்பனிக்காலத்தில் வண்டி வண்ணம் பெற்றது. 2024 பிப்ரவரியில் ஓடியது.

பெட்ரோல் நிரப்பச் சென்றோம். நாங்கள் தேர்ந்த பெட்ரோல் நிலையத்துக்குச் செல்லும் வழி பிரின்செப் படித்துறையை ஒட்டிச் சென்றது தற்செயலே என்று நேயர்கள் கொள்வார்களாக! முன்னிருக்கையில் தாயார், பின்னே என் மகளும் மிஸ்திரியும். கூரையை மடித்திருந்தோம். ஆற்றங்கரை வந்ததும் தாயார் கதவைத் திறந்து இறங்கினார். சிறிது நேரம் நீரை நோக்கி நின்றார். திரும்ப ஏறிக் கதவை இழுத்தார். அது ஒரே இழுப்பில், ஓசையின்றிச் சாத்திக்கொண்டது.

"அப்பா இருந்தபோதுகூட இது இப்படிச் சாத்தாது" என்றார்.

மிஸ்திரிக்கு அதனை வங்காளியில் கூறினேன். "மாஷிமாவிடம் சொல்லுங்கள், தாதா. அப்போது படியில் காகிதம் இருந்தது, இப்போது இரும்பு இருக்கிறது" என்றார் அவர்.

வேற்றூரில் வாழும் நம் இல்லங்கள் பலவற்றில் இவ்வாறு தார்ப்பாயின் கீழ் ஏதேனும் ஒன்று உறங்கிக் கிடக்கலாம். அது வண்டியாகவோ, தையற்பொறியாகவோ, வீணையாகவோ இருக்கலாம். அதனை எழுப்ப விரும்புவோர் மேற்பூச்சில் தொடங்க வேண்டா. முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள்; அறுக்குமுன் முட்டுக் கொடுங்கள்; அறிந்தவரை அழைக்க நாணாதீர்கள்; பிள்ளைகள் கையிலும் ஒரு சுத்தியலைக் கொடுங்கள். என் மகளுக்குத் தாத்தாவின் முகம் நினைவில்லை; ஆனால் அவர் வண்டியின் ஒவ்வொரு தகட்டையும் அவள் உள்ளங்கை அறியும்.